காவேரியின் அண்ணனுக்கு

மேட்டுக்கொட்டாய், பென்னாகரம்
11 ஜூலை 1943

காவேரியின் அண்ணனுக்கு ராஜாமணி எழுதிக்கொண்டது.

உங்கள் பெயரை வாயால் சொல்லிப் பழக்கமில்லை, எழுதப் போனால் கையும் வரவில்லை. பென்சிலைப் பிடித்துக்கொண்டு விழித்துக்கொண்டிருந்தேன். உங்கள் தங்கைதான் வழி சொன்னாள். "எங்கண்ணனுக்குன்னு எழுதுங்கண்ணி. நெசந்தானே அது?" என்றாள். இனிமேல் இப்படித்தான்.

முதல் சேதி. உங்கள் லீவு வீண் போகவில்லை. நான் முழுகாமல் இருக்கிறேன். தை மாதம் என்கிறாள் மருத்துவச்சி. நாலாம் வகுப்புப் படித்த கையெழுத்தில் இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் வேறு யாரையாவது விட்டு எழுதச் சொன்னால் இன்னும் வெட்கம்.

இரண்டாவது சேதி உங்களுக்குப் பிடிக்காது. லீவில் வந்து காவேரிக்கென்று வீட்டோடு ஒட்டி ஓர் அறை கட்டினீர்களே, அதன் மேற்குச் சுவர் வெளியே சாய்கிறது. கூரைத் தண்ணீர் சுவரடியில் விழுந்து மண்ணை அரிக்கிறது. ஒரு முழம் மண் வைத்துக் காயவிட்டு அடுத்த முழம் வைக்க வேண்டும் என்று பக்கத்துக் காட்டுப் பச்சியப்பன் மாமா அன்றைக்கே சொன்னார். லீவு முடிகிற அவசரத்தில் நீங்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆனைக்கும் அடி சறுக்கும், கோபித்துக்கொள்ள வேண்டாம். அடியில் பள்ளம் பறித்துக் கல் வைத்து, இரண்டு கட்டையை முட்டுக் கொடுத்தால் நிற்கும் போலிருக்கிறது. நானும் காவேரியுமே செய்துவிடுவோம். எந்தப் பக்கம் முட்டு வைக்க வேண்டும் என்று மட்டும் எழுதுங்கள்.

காவேரி அறைக்குச் செம்மண் பூசி, சுண்ணாம்பில் கோடு இழுத்து, அரண்மனை மாதிரி வைத்திருக்கிறாள். அவளுடைய மரச்சீப்பில் பாதிப் பல் போய்விட்டது. "அண்ணன் சீமையிலிருந்து சீப்பு கொண்டாரட்டும்" என்கிறாள்.

ராஜாமணி

*

பட்டாளத்திலிருந்து
26 ஆகஸ்டு 1943

ராஜாமணிக்கு,

கடிதம் கிடைத்தது. எந்த ஊரில் இருக்கிறேன் என்று எழுதக் கூடாது. மணல், அவ்வளவுதான் சொல்லலாம். உன் கடிதத்தை வாங்கிப் படித்ததும் கூடாரத்தில் இருந்த எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். எனக்கும் காவேரிக்கும் அப்பன் ஆத்தாள் போனபிறகு அந்த வீட்டில் ஒரு பிள்ளை அழும் சத்தம் கேட்கப்போகிறது. நினைத்தால் இந்த மணல்கூட நன்றாகத்தான் இருக்கிறது.

இப்போது நான் சொல்வதைக் கேள். நீ வாயும் வயிறுமாக இருக்கும்போது வீட்டில் கடப்பாரை போடக் கூடாது. குழி பறிக்கக் கூடாது, சுவரை இடிக்கக் கூடாது, முட்டுக்கட்டை நடவும் கூடாது. தெரிந்தும் எப்படி எழுதினாய்? புருஷன் தலைமுடி எடுக்கக் கூடாது என்றும் ஒன்று இருக்கிறது. இங்கே வாராவாரம் உட்காரவைத்து மிஷின் போட்டு ஒட்ட வெட்டிவிடுகிறார்கள். என் பெண்சாதி பிள்ளைத்தாச்சி என்று யாரிடம் சொல்வது? என்னால் காப்பாற்ற முடியாததை என் வீடாவது காப்பாற்றட்டும். அந்த அறையில் ஓர் ஆணிகூட அடிக்காதே. காவேரியையும் அடிக்க விடாதே. என் மேல் ஆணை.

நான் கட்டின சுவர் ஒரு மழைக்கு விழாது. தையில் பிள்ளை பிறக்கட்டும், பிறகு முழு வீட்டையே பிரித்துக் கட்டிக்கொள்.

காவேரியிடம் சொல், சீப்பு கடையில் வாங்கப்போவதில்லை. அவள் அண்ணன் கையாலேயே செய்கிறான். விழுந்து கிடக்கும் ஏரோப்பிளேன் தகட்டில். ஊரில் எவளுக்கும் அப்படிச் சீப்பு இருக்காது.

சென்றாயன்

*

மேட்டுக்கொட்டாய்
9 அக்டோபர் 1943

காவேரியின் அண்ணனுக்கு,

உங்கள் ஆணையைப் படித்தேன். கடப்பாரையைப் பரண் மேல் ஏற்றிவிட்டேன். போதுமா?

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு மனம் ஒப்பவில்லை. உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே நாங்கள் ஏரி மண் கொண்டுவந்து, வைக்கோல் நறுக்கிப் போட்டு மிதித்துத் தயாராக வைத்திருந்தோம். அது இப்போது ஓலை போட்டு மூடிக் கிடக்கிறது. காவேரி தினமும் என்னை அரிக்கிறாள். "அண்ணனுக்கு ஆரு சொல்லப்போறாங்க? ரெண்டு முட்டு குடுத்துரலாங்கண்ணி. வூடு நமக்கா அண்ணனுக்கா?" நான் முடியாது என்றுவிட்டேன். மணல் நாட்டில் குண்டுக்கு நடுவில் இருக்கிற ஆள் வைத்த ஆணை. அதை மீறி உங்களுக்கு ஒன்று ஆகிவிட்டால், அல்லது வயிற்றில் இருப்பதற்கு ஆகிவிட்டால், நான் யாரிடம் போய் அழுவேன்? அதனால் உங்கள் பேச்சையே கேட்கிறேன்.

மழை பிடித்துக்கொண்டது. இனிமேல் அவள் என் பக்கத்திலேயே படுக்கட்டும் என்று உள்ளே கூட்டிக்கொண்டேன். நான் குறட்டை விடுகிறேனாம். உங்களுக்கு எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன்.

சீப்பு விஷயம் கொட்டாய்ச் சனம் முழுக்கத் தெரிந்துவிட்டது. ஏரோப்பிளேன் சீப்பு வரப்போகிறது என்று இப்போதே தலையை நிமிர்த்திக்கொண்டு நடக்கிறாள்.

ராஜாமணி

*

மேட்டுக்கொட்டாய்
14 நவம்பர் 1943

பட்டாளத்தில் இருக்கும் சென்றாயன் அவர்களுக்கு,

உங்கள் பெயரை எழுதிவிட்டேன். இந்தக் கடிதத்தை வேறு எப்படி ஆரம்பிப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

காவேரி இல்லை. சுவர் அவள் மேல் விழுந்துவிட்டது.

தீபாவளி கழிந்து மழை நிற்கவே இல்லை. அன்று விடியும்போது அவள் எழுந்து, பின்னால் கிடந்த சாக்குகளைச் சுருட்டிக்கொண்டு போனாள். எங்கே என்று கேட்டேன். "கடப்பாரைதானே ஆகாது? சுவத்தடியில சாக்குப் போட்டு மூடலாமில்ல? அண்ணன் வந்து பாக்கறப்ப நிக்கணுமில்ல?" என்றாள். அது உங்கள் ஆணையில் இல்லை. அதனால் நானும் போகட்டும் என்று இருந்தேன். உலையில் ராகி மாவைப் போட்டுக் கிளறிக்கொண்டிருந்தபோது சத்தம் கேட்டது.

பரணிலிருந்து கடப்பாரையை எடுத்தேன். எட்டு மாத வயிற்றோடு நான்தான் எடுத்தேன். மண்ணைக் குத்திப் புரட்டினேன், பச்சியப்பன் மாமா ஓடிவரும்வரை. அவளை வெளியே எடுத்து வண்டியில் போட்டோம். பென்னாகரம் போய்ச் சேரவில்லை.

வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்றும் உதைத்தது, இப்போது எழுதும்போதும் உதைக்கிறது. அதை உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்.

மிதித்து வைத்த மண் இன்னும் ஓலைக்கடியில் இருக்கிறது.

ராஜாமணி

*

பட்டாளத்திலிருந்து
20 நவம்பர் 1943

ராஜாமணிக்கும் காவேரிக்கும்,

உன் அக்டோபர் கடிதம் நேற்றுத்தான் வந்தது. கடப்பாரையைப் பரணில் ஏற்றினதைப் படித்துச் சிரித்தேன். பிறகு மண்ணை மிதித்து வைத்திருக்கிறீர்கள் என்று படித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. இரண்டு பெண்கள் ஏரியிலிருந்து மண் சுமந்திருக்கிறீர்கள். அப்படியென்றால் சுவர் நான் நினைத்ததைவிட மோசமாக இருக்கிறது.

என் கூடாரத்தில் தொப்பூர்க்காரர் கோவிந்தன் என்று ஒருவர் இருக்கிறார், வயதானவர், ஐந்து பிள்ளை பெற்றவர். அவரைக் கேட்டேன். "குழிதாப்பா பறிக்கக் கூடாது. கல்ல அணைச்சு வெச்சு, கட்டைய சாச்சு வெச்சா அது என்ன பாவம்?" என்றார். சரிதான் என்று பட்டது. அதனால் குழி பறிக்காமல், மேற்குப் பக்கம் பெரிய கற்களை அடுக்கி, இரண்டு கட்டையைச் சாய்த்து முட்டுக் கொடுங்கள். நீ தூக்காதே, பச்சியப்பன் மாமாவைக் கூப்பிடு. என் ஆணையை நானே எடுத்துவிட்டேன்.

காவேரி, உன் சீப்பு முடிந்துவிட்டது. தகட்டை வெட்டி, ஒவ்வொரு பல்லாக அறுத்து, அரத்தால் ராவி, மணலிலும் சாம்பலிலும் தேய்த்து மெருகேற்றியிருக்கிறேன். முகம் பார்க்கலாம். மேலே உன் பெயரை ஆணியால் பொறித்திருக்கிறேன். ஓரத்துப் பல் ஒன்று மட்டும் கொஞ்சம் கூராக நின்றுவிட்டது. அரம் இரவல் கொடுத்தவன் திருப்பிக் கேட்டுவிட்டான். தலையில் குத்தினால் என்னைத் திட்டு. ஊருக்கு வரும்போது ராவிக் கொடுக்கிறேன். கோவிந்தன் லீவில் வருகிறார், அவரே கொண்டுவந்து தருவார்.

சென்றாயன்

*

பட்டாளத்திலிருந்து
3 ஜனவரி 1944

ராஜாமணி,

கடிதம் வந்தது.

என்ன எழுதுவது? கோவிந்தன் லீவில் கிளம்பிப் போய்விட்டார். சீப்பைத் திருப்பி வாங்க முடியாது.

அவளை என் கையில் பிடித்துக் கொடுக்கும்போது எங்கள் ஆத்தாள் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "சென்றாயா, இவள பாத்துக்க." பார்த்துக்கொண்டேன். அறை கட்டியும் கொடுத்தேன், கை வைக்காதே என்றும் சொன்னேன்.

நீ ஏன் என் பேச்சைக் கேட்டாய்? எப்போதுதான் கேட்டிருக்கிறாய்?

இதை எழுதியிருக்கக் கூடாது. கிழித்துப் போட்டு வேறு எழுத இங்கே காகிதம் இல்லை.

*

மேட்டுக்கொட்டாய்
5 மார்ச் 1944

தை மாதம் பெண் குழந்தை பிறந்தது. நல்லபடியாக இருக்கிறது. முதலில் அதை எழுதிவிட்டேன், இனி என் கோபத்தை எழுதலாம்.

நீங்கள் நவம்பரில் எழுதின கடிதம் நான் நிறைமாதமாக இருந்தபோது வந்தது. கல்லை அடுக்கலாம், கட்டையைச் சாய்க்கலாம், பாவமில்லை என்று. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று என் அப்பா சொல்வார். அதைப் படித்துவிட்டு அன்று முழுக்க எழுந்திருக்கவில்லை. பிறகு ஜனவரியில் எழுதினது வந்தது. நான் ஏன் உங்கள் பேச்சைக் கேட்டேன் என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் ஆணை வைப்பீர்கள், அதைக் கேட்டதற்கு நான் பதில் சொல்ல வேண்டுமா? ஆனாலும் அந்தக் கேள்வியை நீங்கள் கேட்பதற்கு முன்பே என்னை நானே கேட்டுக்கொண்டாகிவிட்டது. தினமும் கேட்கிறேன்.

கோவிந்தன் போன மாதம் வந்தார். பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது. வாசலில் நின்று சிரித்த முகமாக, "காவேரிங்கற பாப்பா ஆருங்க? அண்ணன் சீப்பு குடுத்தனுப்பிச்சாருங்க" என்றார். கையில் குழந்தையை வைத்துக்கொண்டு நின்றேன். பச்சியப்பன் மாமாதான் அவரைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னார். மனிதர் களத்தில் உட்கார்ந்து அழுதுவிட்டுப் போனார், தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

சீப்பு அழகாக இருக்கிறது. அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பெட்டிக்கடியில் வைத்திருக்கிறேன். முகம் பார்க்கவில்லை.

சுவரை வைக்கப்போகிறேன்.

ராஜாமணி

*

பட்டாளத்திலிருந்து
18 ஜூன் 1944

ராஜாமணிக்கு,

சுவரை வைக்காதே. அந்த இடம் அப்படியே கிடக்கட்டும். நாய் படுக்கட்டும், எருக்கு முளைக்கட்டும். சண்டை முடிந்தாலும் நான் அந்த வீட்டு வாசலை மிதிக்கப்போவதில்லை. அந்த வாசலில் என்னை அண்ணா என்று கூப்பிட யார் இருக்கிறார்கள்? குழந்தையை எடுத்துக்கொண்டு உன் அப்பா வீட்டுக்குப் போய்விடு. பட்டாளத்துப் பணம் அங்கே வரும்படி எழுதிவிடுகிறேன்.

சீப்பை ஆற்றில் போட்டுவிடு. அல்லது அந்தப் பெயரையாவது சுரண்டிவிடு.

குழந்தைக்கு என்ன பெயர் வைத்தாய் என்று நீ எழுதவில்லை. எழுது.

சென்றாயன்

*

மேட்டுக்கொட்டாய்
2 செப்டம்பர் 1944

சுவர் வைத்தாகிவிட்டது. உங்கள் கடிதம் வரும்போது இடுப்பளவு வந்திருந்தது. ஒரு தடவை உங்கள் பேச்சைக் கேட்டது போதும் என்று மேலே வைத்தேன்.

எப்படி வைத்தேன் என்று சொல்கிறேன், கட்டினவருக்குத் தெரிய வேண்டும். அடியில் முழங்கால் ஆழம் பறித்துக் கல் போட்டேன். மூடிக் கிடந்த அந்த மண்ணையே எடுத்து, தண்ணீர் விட்டு, மறுபடியும் மிதித்தேன். அதில் அவள் காலும் பட்டிருக்கிறது, அதை வீணாக்க மனமில்லை. ஒரு முழம் வைத்தால் அது காய்ந்து நகம் இறங்காமல் ஆகும்வரை அடுத்த முழம் வைக்கவில்லை. நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டு, சுவர் நேராக ஏறுகிறதா என்று தூக்குப் பார்த்தேன். குழந்தை மர நிழலில் தூளியில் கிடந்து அழும், நான் சேற்றுக் கையோடு பாடுவேன். கூரைத் தண்ணீர் சுவரடியில் விழாதபடி மஞ்சம்புல்லை ஒரு முழம் வெளியே இழுத்துவிட்டிருக்கிறேன். நீங்கள் வைக்காத சன்னல் ஒன்றும் வைத்தேன். அதற்கு மேல்கட்டை உங்கள் பழைய நுகத்தடிதான்.

"பொம்பள சுவரு வெச்சா வூடு வெளங்குமா?" என்று கேட்டார்கள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? ஆம்பளை வைத்த சுவர் விளங்கினதைப் பார்த்தாயிற்றே என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை. உங்களை ஊராரிடம் விட்டுக்கொடுக்க எனக்கு இன்னும் மனம் வரவில்லை.

அப்பா வீட்டுக்குப் போக மாட்டேன். பெயர் எழுதவும் மாட்டேன். வந்து கேட்டுக்கொள்ளுங்கள்.

ராஜாமணி

*

மேட்டுக்கொட்டாய்
20 ஜனவரி 1945

பொங்கல் வைத்தேன். அஞ்சலில் பணம் வருகிறது, அதனால் உயிரோடு இருக்கிறீர்கள் என்று தெரிகிறது. கடிதம் வரவில்லை.

குழந்தை நடக்கிறாள். கார்த்திகை மழை முழுக்கப் பெய்தது. சுவர் நின்றது.

ராஜாமணி

*

பெங்களூர்
24 மார்ச் 1946

ராஜாமணிக்கு,

ஏறக்குறைய இரண்டு வருஷமாக எழுதவில்லை. மன்னிப்புக் கேட்கவும் எனக்கு வாயில்லை.

பட்டாளத்தில் கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள். இங்கே ஒரு மரக்கிடங்கில் வேலை கிடைத்திருக்கிறது. போன வாரம் ஊருக்கு வந்தேன். பென்னாகரத்தில் பஸ்ஸைவிட்டு இறங்கி, காட்டு வழியாக நடந்து, நம் புளியமரம் வரைக்கும் வந்தேன். அதற்கு மேல் கால் வரவில்லை.

சுவரைப் பார்த்தேன். நேராக இருக்கிறது. என் கண்ணுக்கு ஒரு விரல் கோணல்கூடத் தெரியவில்லை. சன்னலில் ஒரு துணி காய்ந்துகொண்டிருந்தது. வாசலில் சின்னப் பெண் ஒருத்தி உட்கார்ந்து சேற்றைத் தட்டித் தட்டி எதையோ கட்டிக்கொண்டிருந்தாள். நீ உள்ளேயிருந்து ஏதோ சொன்னாய், அவள் திரும்பவில்லை. பிடிவாதக்காரி போலிருக்கிறது. காவேரியும் அந்த வயதில் அங்கேதான் உட்கார்ந்து சேற்றில் விளையாடுவாள். அந்த இடத்தைத் தாண்டி நான் எப்படி வருவேன் ராஜாமணி? பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

பணம் மாதாமாதம் அனுப்புகிறேன். என்னை எதிர்பார்க்காதே. நீ நல்ல சுவர் வைத்திருக்கிறாய். அதற்குள் நான் வேண்டாம்.

சென்றாயன்

*

மேட்டுக்கொட்டாய்
7 ஏப்ரல் 1946

காவேரியின் அப்பாவுக்கு,

ஆமாம், அதுதான் அவள் பெயர். நீங்கள் வந்து கேட்டால் சொல்லலாம் என்று இரண்டு வருஷம் வைத்திருந்தேன். புளியமரம் வரைக்கும் வந்தவர் கேட்காமல் போய்விட்டீர்கள். இனியும் வைத்திருந்து என்ன செய்வது? நானும் உங்களை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் குழந்தை பிறந்தபிறகு எழுதின கடிதத்தையெல்லாம் மொட்டையாக எழுதிவிட்டேன்.

காக்கிச் சட்டை போட்ட ஆள் ஒருவர் மரத்தடியில் நின்றார் என்று பச்சியப்பன் மாமா அன்று சாயங்காலம் வந்து சொன்னார். ஓடினேன். பாதை வரைக்கும் ஓடிப் பார்த்துவிட்டு வந்தேன். அடுப்பில் வைத்த களி கருகிவிட்டது. குழந்தை ஏன் என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன்.

சுவர் நேராக இருக்கிறதென்று எழுதியிருக்கிறீர்கள். சந்தோஷம். சுவரைப் பார்த்துச் சொல்ல எனக்கு ஊரில் ஆள் இருக்கிறது. அவளை நினைத்து என்னோடு சேர்ந்து அழத்தான் ஒருவரும் இல்லை. மற்றவர்களுக்கு அவள் செத்துப்போன ஒரு பெண். அவள் சிரிப்பு எப்படி இருக்கும் என்று தெரிந்த இரண்டு பேரில் ஒருவரான நீங்கள் மணலில் இருந்தீர்கள், இப்போது மரக்கிடங்கில் இருக்கிறீர்கள்.

ஆணை வைத்தது நீங்கள்தான். அதைக் கேட்டது நான். கேட்காமல் இருந்திருக்கலாம், கட்டை பக்கத்திலேயே கிடந்தது. சாக்கை எடுத்துக்கொண்டு போனவளை நில் என்று சொல்லியிருக்கலாம். இதெல்லாம் என் பங்கு. எல்லாப் பாரத்தையும் நீங்களே சுமந்துகொண்டு பெங்களூரில் உட்கார்ந்தால், என் பங்கை நான் எங்கே இறக்கி வைப்பது? உங்களை மன்னித்துவிட்டேன் என்று நான் எழுதவில்லை. சில நாள் மன்னிக்கிறேன், சில நாள் முடியவில்லை. நீங்களும் என்னை அப்படித்தான் செய்வீர்கள். ஒரே வீட்டில் இருந்துகொண்டு செய்வோம்.

சீப்பை ஆற்றில் போடவில்லை, பெயரைச் சுரண்டவும் இல்லை. குழந்தைக்கு மொட்டை அடித்து முளைத்த முடி இப்போது தோளுக்கு வந்துவிட்டது. முந்தாநாள் பெட்டியிலிருந்து சீப்பை எடுத்து அவளுக்குத் தலை வாரினேன். முதல்முதலாக அதில் என் முகத்தையும் பார்த்தேன், மூத்துப்போய்விட்டது. ஓரத்துப் பல் இன்னும் கூராகத்தான் இருக்கிறது. அவள் தலையில் குத்தி, "சீப்பு கடிக்குதும்மா" என்று அழுதாள். அப்பா வந்து சரிபண்ணிக் கொடுப்பார் என்று சொல்லிவிட்டேன். என்னிடம் இருப்பதெல்லாம் கடப்பாரையும் மண்வெட்டியும்தான். வரும்போது ஓர் அரம் கொண்டு வாருங்கள்.

ராஜாமணி